காற்று போகிற வழி

இந்த நாற்காலியே போதும். மாற்றச் சொல்ல வேண்டாம். வாலிபம் முழுக்க நின்றே வேலை பார்த்தவனுக்கு ஒரு கால் ஆடுகிற நாற்காலியும் மெத்தைதான். வாயைத் திறக்காதே என்று வக்கீல் சொன்னார். நல்ல பையன், படித்தவன். ஆனால் மென்று விழுங்கிப் பேசுவது எனக்கு வராது. நீங்கள் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். நான் தப்பு செய்தேன் என்று சொல்ல வரவில்லை. செய்தேன் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கட்டடம். நீங்கள் எல்லாரும் அதைத் தடுப்பு மையம் என்கிறீர்கள். எங்களுக்கு அது கிடங்கு. இறைச்சியை உறைய வைத்து அடுக்குகிற குளிர் கிடங்கு. என் அப்பா அங்கே சுமை தூக்கினார், நானும் தூக்கினேன், பிறகு மேஸ்திரி ஆனேன். வெளியே தார் உருகுகிற வெயிலில் நாங்கள் உள்ளே கம்பளிக்கோட்டு போட்டுக்கொண்டு, மூக்கில் வடிவது உறைகிற வரை தூக்குவோம். ஊரில் பாதி வீட்டு அடுப்பு அந்தக் குளிரில்தான் எரிந்தது. ஒருநாள் முதலாளி இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டுக் கையை விரித்தார்.

அதற்குப் பிறகு ஊர் எப்படி இருந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. ஒரு மூட்டையைத் தனியாகத் தூக்கிப் போட்டவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைக் கைமாற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் எல்லை தாண்டி வேலை தேடிப் போனார்கள். என் தங்கை வீட்டுக்காரரும் அப்படிப் போனவர்தான். கையில் முறையான தாள் எதுவும் இல்லை. அங்கே பிடித்து, இதே மாதிரி ஓர் இடத்தில் போட்டுவிட்டார்கள். எப்போதாவது போன் வரும். அவர் பேசுவதற்குள் வரிசையில் அடுத்த ஆள் அவசரப்படுத்துவது கேட்கும்.

அந்த நேரத்தில்தான் தடுப்பு மையம் நடத்துகிற கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். எந்த வெயிலிலும் சட்டை மடிப்புக் கலையாது. அதனால் நாங்கள் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்தோம். தாள் இல்லாமல் நம் நாட்டுக்குள் இருக்கிற வெளிநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்புகிற வரை வைத்திருக்க இடம் வேண்டும், கிடங்குச் சுவர் தடிமன், கதவு அதைவிடத் தடிமன், பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை என்றார். ஒரே ஒரு சிக்கல். ஊர் சம்மதிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அந்த இடத்திலேயே கூட்டம் போட்டு, ஊர்க்காரர்கள் உள்ளே சுற்றிப் பார்த்து, கை தூக்க வேண்டும். ஒரு வருடம் கை குறைந்தாலும் இழுத்து மூடிவிடுவார்கள்.

பழைய சுமைக்காரர்களுக்குக் காவல் வேலை, கிடங்கில் இறைச்சி பேக்கிங் செய்த பெண்களுக்குச் சமையலும் துவைப்பும், காவலுக்கு மேஸ்திரி நான் என்று எழுதி வாங்கினேன். பிறகு வீடு வீடாகப் போனேன். நோய் வரும் என்றார்கள், சுவர் ஏறிக் குதிப்பான் என்றார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பிடி கொடுக்காதவள் என் தங்கை ஒருத்திதான். அவள் கை போகிற பக்கம்தான் பேக்கிங் பெண்களின் கையும் போகும்.

"அவரை அடைச்சு வச்சிருக்கிற ஊர்லயும் இப்படித்தாண்ணா ஒருத்தன் வீடு வீடா போயிருப்பான்" என்றாள்.

போயிருப்பான் என்று ஒத்துக்கொண்டேன். அவன் ஊருக்கும் வயிறு இருக்கும் இல்லையா. இந்த இடம் வந்தால், மச்சான் திரும்பி வரும்போது அவருக்கு இங்கேயே ஒரு வேலை இருக்கும், மறுபடி எவன் நாட்டுச் சுவரையும் தாண்ட வேண்டியதில்லை என்று சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"சரி. ஆனா ஒண்ணு. உள்ளேயிருந்து ஒரு சத்தம் என் காதுல விழுந்துச்சு, கையை இறக்கிடுவேன். என் கூட இருக்கிறதுங்களும் இறக்கிடும்."

நியாயமான நிபந்தனை. அவர்களை விட்டுவிடு என்று அவள் சொல்லவில்லை. தனக்குக் கேட்கக்கூடாது என்றாள். ஊரில் அத்தனை பேர் மனதிலும் இருந்ததை அவள் ஒருத்திதான் வாய்விட்டுச் சொன்னாள். நான் வாக்குக் கொடுத்தேன். முதல் வருடம் அவள் கை உயர்ந்தது.

அந்தச் சுவருக்குள் பேசுவது வெளியே வராது, அது உண்மை. ஆனால் இறைச்சி மூச்சு விடாது, மனிதன் விடுவான். அதனால் பெரிய அறையின் சுவரைக் குடைந்து ஒரு தகரக் குழாய் வைத்து, காற்றை மாற்றுகிற விசிறி ஒன்றைப் பொருத்தினோம். குழாயின் வாய் வெளியே, வண்டியில் சரக்கு ஏற்றுகிற லோடு மேடைப் பக்கம், தோள் உயரத்தில் திறந்தது. மழைக்காலத்துக்கு என்று அதற்கு ஓர் இரும்பு மூடி, இழுத்து அடைக்க ஒரு பிடி. விசிறி ஓடும்போது அந்த வாயருகே நின்றால் உள்ளே இருமுவதுகூடக் கேட்கும். காற்று போகிற வழியில்தானே சத்தமும் வரும். அன்றாடம் அது தொந்தரவாக இல்லை. ஊர்க்காரர்கள் மேடைப் பக்கம் வருவதில்லை.

அந்தக் குழாயைச் சுற்றிப் பூசியது யார் என்று கேட்டீர்கள். உள்ளே இருந்த ஒரு கொத்தனார்தான். வேற்று நாட்டு ஆள், ஆனால் எங்கள் பக்கத்திலேயே பல வருடம் கட்டட வேலை பார்த்தவன். நம் பேச்சு நம்மைவிட நன்றாகப் பேசுவான். என் வீட்டு மாடிப்படி அவன் கட்டியது. தாளின் தேதி முடிந்துபோனதை அவன் கவனிக்கவில்லை. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் இல்லை. பூசி முடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு, "நம்ம மூக்கை நாமே பூசிக்கிட்டோம் மேஸ்திரி" என்று சிரித்தான். தண்ணீர் வேண்டுமென்றால் குழாயைத் தட்டுவான். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு. கரண்டியால் செங்கல்லைத் தட்டிச் சரிபார்ப்பார்களே, அந்த மாதிரி. அவன் தட்டினால் தண்ணீர் கொடுத்தேன். என்னை மிருகம் என்று எழுதுகிற பேப்பர்க்காரர்கள் இதையும் எழுதட்டும்.

இரண்டாம் வருடக் கூட்டம் பகலில். வெயில் இருந்ததால் கூரை உள்ள ஒரே இடமான லோடு மேடையில் நாற்காலி போட வேண்டியதாயிற்று. ஊர்க்காரர்கள் சுற்றிப் பார்க்கும் அறைகளைக் கழுவி, கட்டிலுக்குப் புதுத் துப்பட்டி விரித்தோம். அங்கே இருந்தவர்கள் எல்லாரையும் பெரிய அறைக்கு மாற்றினோம். நிற்க இடம் இருந்தது, உட்கார முடியாது. காவலர்கள் எல்லாரும் பழைய சுமைக்காரர்கள். அடுக்குவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

கதவை மூடும் முன் கொத்தனார் என்னைக் கூப்பிட்டான். குரலை உயர்த்தவில்லை.

"மேஸ்திரி, ஒளிச்சு வைக்க என்ன இருக்கு, சொல்லிடறேன். இன்னைக்கு எல்லாருமாச் சேர்ந்து கத்தப்போறோம். உங்க ஊர்க்காரங்க காதுல விழட்டும்."

"கத்து. வாய் உன்னோடது" என்றேன்.

"உங்க வீட்டு மாடிப்படி ஆடாம இருக்கா?"

"இருக்கு."

அவனை நான் மதித்தேன். முதுகுக்குப் பின்னால் செய்யாமல் முகத்துக்கு நேரே சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, அன்று கையெல்லாம் இறங்கியிருக்கும், அவர்களை வேறு எங்காவது கொண்டுபோயிருப்பார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

ஊர் வருவதற்கு முன்னால் விசிறியை நிறுத்தினேன். மூடியை இழுத்து அடைத்தேன். காவலர்கள் கேட்டதற்கு விசிறியில் கோளாறு என்றேன். யாருடைய உத்தரவும் இல்லை. இஸ்திரிக்குத் தெரியாது. அவருக்கு எது தெரியவேண்டும், எது தெரியக்கூடாது என்பதில் அவர் கெட்டிக்காரர்.

அந்த அறையில், அத்தனை பேருக்கு, காற்று எவ்வளவு நேரம் வரும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. கிடங்கில் ஆள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் மேஸ்திரிக்குக் கற்றுக்கொடுக்கிற முதல் பாடம். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஊர்க்கூட்டம் எங்கே சீக்கிரம் முடிந்திருக்கிறது.

துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். என் வீட்டில்கூட இப்படி இல்லையே என்று ஒருவர் சொல்ல, அப்போ நீயும் தாளைத் தொலைச்சுட்டு வந்து படுத்துக்கோ என்று இன்னொருவர் வாரினார். ஆட்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒருவரும் கேட்கவில்லை.

கை தூக்கச் சொல்கிற நேரத்தில் தங்கை எழுந்தாள்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வாயை மூடுங்க. நான் கேக்கணும்."

அண்ணனும் தங்கச்சியும் ஊர் வாயை அடைக்கவே பிறந்ததுங்க என்று டீக்கடைக்காரர் முணுமுணுத்தார். சிரித்தார்கள். பிறகு அடங்கினார்கள். தெருவில் ஏதோ வண்டி போய் மறைந்தது. வாசல் தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. வேறு ஒன்றும் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு கையைத் தூக்கினாள். அவள் பின்னால் பேக்கிங் பெண்கள் தூக்கினார்கள், அதற்குப் பின்னால் ஊரே தூக்கியது. அந்த மேடையில் நான் சுமந்த சுமையெல்லாம் அன்று இறங்கியது போல இருந்தது.

பிறகு நன்றி சொன்னார்கள். இஸ்திரி பேசினார், காவலர்கள் பேசினார்கள். ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டீ கொடுத்தார்கள். கை உயர்ந்தவுடனேயே ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஜனம் மூடிக்குப் பக்கத்திலேயே நின்றது. திறந்தால் கேட்டிருக்கும். தூக்கிய கையை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்.

கூட்டம் நகர்ந்த பிறகும் தங்கை போகவில்லை. நான் குழாயில் சாய்ந்து, பிடியின் மேல் கை வைத்தபடி நின்றேன். அவளிடம் ஒரு செய்தி இருந்தது. காலையில் மச்சான் பேசினாராம். அடுத்த வாரம் திருப்பி அனுப்புகிறார்களாம். எடை பாதியாகிவிட்டதாம், ஆனால் வருகிறார். ஊருக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு மூடியைத் திறக்க வேண்டியிருந்தது. நான் திறக்கவில்லை.

தட்டுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. காதுக்கு வராது. இரும்பில் மட்டும் தெரியும். இரண்டு தட்டு, இடைவெளி, இரண்டு தட்டு. இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு, பேக்கிங் பெண்கள் வாசலருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். அவர்களும் போனார்கள். அப்போதும் ஒரு தட்டு இருந்தது. ஒன்றுதான். திறந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே போகிற அன்றைக்கு நடந்ததைச் சொல்வார்கள், சொன்னால் இந்த இடத்தையே மூடிவிடுவார்கள், மச்சான் வந்து டீக்கடை பெஞ்சில் உட்காருவார். நான் பிடியை விடவில்லை. கைக்கு ஒன்றும் தெரியாமல் போன பிறகுதான் திறந்தேன். விசிறியையும் போட்டேன். நன்றாக ஓடியது. உள்ளேயிருந்து ஓர் இருமல்கூட வரவில்லை.

இதுதான் நடந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் கை, என் முடிவு. ஊரைக் கேட்டீர்கள் என்றால், மறுபடியும் கூட்டம் போட்டால் மறுபடியும் தூக்குவார்கள். வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

மூடியில் படிந்த தூசியில் இரண்டு பேருடைய கைத்தடம் இருந்தது என்கிறீர்கள். இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போது தங்கை என் கைக்குப் பக்கத்தில் அவள் கையை ஊன்றினாள். சும்மா சாய்வதற்கு. பேச்சு பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் துணியில் துடைத்தாள், அடுப்பைத் துடைப்பாளே, அதே மாதிரி, துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். அப்புறம் மச்சானுக்கு எந்த ஷிப்ட் கொடுப்பாய் என்று கேட்டாள். பகல் ஷிப்ட் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.