ஆறாம் பக்கத்துப் பெயர்

— எதுவரைக்கும் எழுதியிருக்க தெல்மா, படி பாக்கலாம்.

— ‘ஹார்லோ கிரீக் கூரியர்’ வார இதழின் உரிமையாளர் ஆர்வில் டெஸ்டால் காலமானார். அவ்வளவுதான் முதலாளி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு தன் சாவுச் செய்திய தானே சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்.

— உன்ன விட்டா என்னை மகான் ஆக்கிடுவ. எழுது. ஓட்டை அச்சு மெஷின் ஒண்ண வச்சு ஆரம்பிச்சான். நாப்பது வருஷத்துல ஒரு வியாழக்கிழமகூட பத்திரிகை நின்னதில்ல. இந்த ஊர்ல பொறந்தவன் எங்க செத்தாலும் செய்தி விட்டுப்போனதில்ல.

— பனிப்புயல்ல டிராக்டர் ஓட்டிப் பத்திரிகை போட்டீங்களே, அது?

— பீத்திக்கிற மாதிரி இருக்கும், வேணாம். குடிச்சுட்டு வண்டி ஓட்டி மாட்டினவங்க ஒருத்தர் பேரையும் மறைக்கலன்னு போடு. பேங்க் மேனேஜர் கெஞ்சினாரு, விட்டேனா?

— அவரு பேரு ஆறாம் பக்கத்துல, சாவுச் செய்திக்குக் கீழ, பொடி எழுத்துல வந்துச்சு. எல்லார் பேரும் அங்கதான். ஒரு பேருதான் முதல் பக்கத்துல வந்துச்சு.

— தெரியும்.

— உங்க பையன் பேரு.

— தெரியும்னு சொன்னேன்ல. மகனுக்குச் சலுகை காட்டிட்டான்னு ஒரு வாயும் பேசக்கூடாதுன்னு நெனச்சேன். லைலுக்கு அப்ப பத்தொம்பது வயசு. மறுவாரமே பஸ் ஏறிட்டான். பதினோரு வருஷமாச்சு.

— நான் அச்சுக் கோக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்.

— நீ கோக்கல. நான்தான் கோத்தேன், இந்தக் கையால. அதையும் எழுது. ‘திருத்தம்’னு தலைப்புப் போடு. அவன் பேரை ஊர்க்காரங்களோட ஆறாம் பக்கத்துல வச்சிருக்கணும். நான் பண்ணது தப்பு. மன்னிப்புக் கேக்கறேன்.

— சாவுச் செய்தியிலயா கேப்பீங்க?

— வேற எதுல கேக்க? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான். கடுதாசிக்குப் பதில் இல்ல. ஆனா வாராவாரம் அவன் இருக்கற ஆரிகனுக்குப் பத்திரிகை அனுப்பறோம், ஒண்ணுகூடத் திரும்பி வரலையே. அப்ப படிக்கறான்தானே? இதப் படிச்சா என் அடக்கத்துக்காவது வருவான்.

— சூப் ஆறிடுச்சு. ரெண்டு வாய் குடிங்க.

— பேச்ச மாத்தாத. எனக்கு முன்னாடி போனவங்க, மனைவி ஆக்னெஸ். உயிரோட இருக்கிறவங்க, மகன் லைல். ஏன், பேனா நின்னுடுச்சு?

— தபாலாபீஸ்லருந்து நமக்கு வர்ற தபால யாரு வாங்கிட்டு வர்றா முதலாளி?

— நீதான்.

— மார்ச்லருந்து அவன் பத்திரிகை திரும்பி வந்துக்கிட்டிருக்கு. மொதல் தடவ அவன் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரம்மா ஒரு துண்டுச் சீட்டு வச்சிருந்தாங்க. மரம் வெட்டற எடத்துல விபத்தாம். அன்னிக்குத்தான் உங்களுக்கு ஆபரேஷன். எனக்குச் சொல்ல வாய் வரல. அப்புறமும் வரல. எல்லாத்தையும் மேஜைக்குள்ள பூட்டி வச்சிருக்கேன்.

— என் மகனத்தான் சொல்றியா?

— ஆமா. நம்ம பத்திரிகை விட்ட ஒரே சாவு அதுதான் முதலாளி.

— அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. புதுசு எடு.

— கொஞ்ச நேரம் படுங்க. அப்புறம் எழுதலாம்.

— வியாழக்கிழமைக்கு வந்தாகணும். ஆறாம் பக்கத்துல போடு, எல்லாரையும் போல. லைல் டெஸ்டால், வயசு முப்பது. முன்னாடி போனவங்க, அம்மா ஆக்னெஸ். இருக்கிறவங்க, அப்பா.