புலி முகமூடியின் உட்புறம்

குரங்கு வேஷம் ஒன்றும் கேவலமானதில்லை, எவாரிஸ்தோ ஐயா. பதினெட்டு வருடமாக நம் ஊர் மான் ஆட்டத்தில் நான்தான் குரங்கு. பெண்களின் கூடையிலிருந்து பழம் பறிப்பேன், குழந்தைகள் சிரிப்பார்கள். பழைய புலி முழங்கால் வலியால் விலகியபோது, அடுத்த புலி நான்தான் என்பது ஊருக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆட்டத் தலைவரான நீங்கள், தலைநகரிலிருந்து திரும்பி இரண்டு மாதமே ஆன என் மைத்துனன் பாஸ்குவாலைக் கூப்பிட்டீர்கள். நல்ல உயரம் என்றீர்கள். அதில் தவறில்லை.

அன்று சாப்பிடும்போது அவன் சொன்னான்: "விடுங்க மச்சான். குரங்குன்னா உங்களுக்கு முகமூடிகூட வேண்டாமே."

என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன்.

திருவிழாவுக்கு முன் முகமூடிகளெல்லாம் உங்கள் வீட்டில் பூசையில் இருந்தன. அவற்றைத் துடைத்து வைப்பது என் பொறுப்பு. புலி முகமூடியின் உட்புறம், மூக்குப் பக்கம், மரம் வறண்டிருந்தது. கொஞ்சம் வெல்லப்பாகு தடவினேன். எறும்புகளை நான் கூப்பிடவில்லை. அவை தாமாக வந்தன. காலையில், முகத்தில் மரம் உரசாமலிருக்க உள்ளே வைக்கும் துணிக்கு அடியில் அவற்றைப் பார்த்தேன். உயிர்களைக் கொல்ல மனம் வரவில்லை.

முகமூடியை அவன் தலைக்குப் பின்னால் கட்டியதும் நான்தான். நான்கு முடிச்சு. ஆட்டத்தில் நழுவினால் ஊருக்கு ஆகாதில்லையா.

மரிம்பா வாத்தியம் சூடுபிடித்தது; அவன் முகமும் சூடானது; எறும்புகள் விழித்துக்கொண்டன. பாஸ்குவால் எகிறினான், உருண்டான், இரண்டு மான்களைச் சாய்த்தான். "அவுத்து விடுங்கடா" என்று கத்தினான். மர முகமூடிக்குள்ளிருந்து அது உறுமலாகத்தான் வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

ரொட்டி விற்கும் ஹசிந்தா அம்மாள் என்னிடம் கேட்டாள்: "ஏ குரங்கே, புலி என்ன சொல்லுது?"

"கோழி கேக்குதும்மா."

அவள் உயிருள்ள கோழி ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். கோழியோடு தேவாலய வாசல் நீர்த்தொட்டிக்குள் குதித்தான்.

"மலைச்சாமி இறங்கிருச்சு" என்று முதலில் மண்டியிட்டது நீங்கள்தான்.

மூன்று நாள் அவன் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. அதையும் சாமி வைத்த அடையாளம் என்றீர்கள். ஆயுள் முழுக்க அவனே புலி என்று அறிவித்தீர்கள். இப்போது அவனே அதை நம்பிவிட்டான். தெருவில் போகிற நாய்களை நிறுத்தி ஆசீர்வதிக்கிறான்.

அதனால்தான் வந்து சொல்கிறேன். பொறாமையெல்லாம் இல்லை. ஊருக்கு உண்மை தெரிய வேண்டும். அன்று குதித்தவை அவன் கால்கள், ஆட்டம் என்னுடையது. புலி முகமூடியை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நான் அவனை மன்னித்துவிடுகிறேன்.