தட்டிப் பாரு

தர்பூசணியைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிறவனை நான் நம்புவதில்லை. தண்ணீர்த் தொட்டி, படகின் அடிப்பக்கம், பெட்ரோல் டேங்க், எதுவானாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிடுவேன். கணீரென்றால் காலி. மந்தமாகக் கேட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. இந்த முஹர்ரக் ஊரில் படகு ரிப்பேர் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இதை என்னைப் பார்த்துத்தான் பழகினார்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

கல்ஃபான் என் தங்கை லுல்வாவின் புருஷன். செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது, நானும் பேசவில்லை. நல்ல உழைப்பாளி, தாராளமான கை. வாய்தான் அடங்காது. சாயங்காலம் ஆண்கள் கூடி உட்காரும் மஜ்லிஸில் நான் காலை வைத்தால் போதும், காபிக் குடுவையை டொக் டொக்கென்று தட்டுவான். அப்புறம் சுவரை. அப்புறம் பக்கத்தில் இருக்கிறவன் தொப்பையை. "இங்க சரக்கு இருக்கு மச்சான்" என்பான். கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேர் வைத்துவிடுவார்கள்.

நோன்புக்கு முந்தின வாரம் என் தலையிலேயே தட்டினான். குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "காலி" என்றான். என் மகனுக்குப் பெண் கொடுக்கிற விஷயமாக வந்த பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்தேன் என்று நீங்களாக எழுதிவிட வேண்டாம்.

பெருநாள் கழிந்து அவனே என்னிடம் வந்தான். அவனுடைய சின்ன மோட்டார் படகில் ஒரே பெட்ரோல் நாற்றம். டேங்க் பழசு, அலுமினியம். படகு கட்டும்போதே மேல்தளத்துக்கு அடியில் டேங்கை வைத்து, சுற்றியும் மேலேயும் ஃபோம் ஊற்றி மூடிவிடுவார்கள். ஊற்றும்போது நுரை, காய்ந்தால் கட்டி. வருஷக்கணக்காகக் கடல்நீரைக் குடித்துக் குடித்து அது டேங்கை அரித்துவிடும், ஆனால் பிடியை மட்டும் விடாது. மேல்தளத்தை அறுத்துத் திறந்து, டேங்கையும் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். பெட்ரோலை எடுத்தபின் உள்ளே நிற்கிற ஆவி பெட்ரோலைவிடப் பொல்லாதது, ஒரு பொறி போதும். அதனால் கழுத்து முட்டத் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் கட்டிங் மிஷினை வைப்போம். இது கல்ஃபானுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பெட்ரோலை உறிஞ்சி எடுத்தோம். மேல்தளத்தை அறுத்துத் திறந்தோம். தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனை வீட்டுக்கு அனுப்பினேன். ரப்பர் டியூப்பை டேங்கின் வாயில் செருகி, தூசி போகாதபடி சுற்றிலும் துணியை வைத்து அடைத்தேன். பைப்பைத் திறக்க மறந்துவிட்டேன் என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். டியூப்பில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்று நீங்கள் கண்டுபிடித்த பிறகு மறைத்து என்ன பிரயோஜனம். மறக்கவில்லை ஐயா. பைப்பின் மேல் கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவன் வந்தபோது டியூப் செருகியபடியே இருந்தது. தன் படகைத் தானே அறுப்பேன் என்று மிஷினைக் கையில் எடுத்தான். எடுத்தவன் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டான்.

"ரொம்பிருச்சா மச்சான்?"

"தட்டிப் பாரு மாப்ளே."

பொய் சொல்லவில்லை பாருங்கள். அவன் மண்டியிட்டு, ஃபோம் மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். நான் தட்டுகிற மாதிரியே, காதைச் சாய்த்து, முகத்தில் கேலியே இல்லாமல். சத்தம் மந்தமாக வந்தது. வராமல் என்ன செய்யும். ஃபோம் மூடின டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அப்படித்தான் கேட்கும். என் வழி பலிக்காத ஒரே இடம் அதுதான். அதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மஜ்லிஸில் அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள்.

அவன் நிமிர்ந்து, "உன் வித்தை நெசந்தான் மச்சான், இவ்ளோ நாளா சும்மா கிண்டல் பண்ணிட்டேன்" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. அந்த நேரத்தில், இங்கே தட்டிப் பிரயோஜனமில்லை என்று சொல்லியிருக்கலாம். வந்த மரியாதையைக் கையோடு கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். பட்டறை கேட்டைத் தாண்டி, சாலையையும் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குப் போனேன். நான் ஒரு டீதான் வாங்கினேன் என்று கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். இரண்டு வாங்கினால் ஒன்று வீணாகத்தானே போகும். வெடிச் சத்தம் வந்தபோது பாதி குடித்திருந்தேன். மீதியையும் குடித்துவிட்டுத்தான் ஓடினேன்.

லுல்வா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இருந்துமாண்ணே?" என்று கேட்டாள். அவன் யார் பேச்சையும் கேட்கிறவன் இல்லை, உனக்கே தெரியுமே என்றேன். அவள் அதை நம்பித் தலையாட்டினாள். அந்த ஒன்றுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

எழுதிக்கொள்ளுங்கள். டேங்க் காலி என்று தெரிந்தே அவனை அறுக்க விட்டேன். ஆனால் கோபத்தில் இல்லை. கோபம் இருந்தால் துக்கத்துக்கு வந்தவர்களோடு மூன்று நாளும் அதே மஜ்லிஸில் போய் உட்கார்ந்திருப்பேனா? நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், அந்தப் பெரியவர்கூட. முதல் காபி எனக்குத்தான் வந்தது. ஒவ்வொரு நாளும் உள்ளே போகுமுன் வாசலில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டேன். யாரும் எதையும் தட்டவில்லை.