கல்யாணம் ஆனவங்களுக்குக் காட்டாது

— ஹார்பர் கிரேன் ஓட்டுத படிப்புன்னு தெளிவாத்தான் தேடுதேன். ஒங்க ஆபீசு சைட்டு எனக்குக் கேக் செய்யுததும் தையலும் காட்டுது. என்னங்க இது?

— எழுத்த மாத்தி அடிச்சிருப்ப, செல்வி.

— ஒங்க ஆபீசு சங்கரம்மாள் அடிச்சா வருதே. அவளும் நானும் ஒரே காலேஜு, ஒரே பி.எஸ்சி.

— ஏளா, அது வெறும் வார்த்தையத் தேடுத சைட்டு இல்ல. ஆண்டாலஜின்னு சொல்லுவோம். எதுக்கு எது சொந்தம்னு முன்னாலயே கட்டி வச்சிருக்கோம். கிரேன்னா துறைமுகம், துறைமுகம்னா நைட் ஷிப்ட்டு. ஆளோட விவரத்தப் பாத்து, அவங்களுக்கு ஆகுத ஆன்லைன் படிப்ப மட்டும் எடுத்துக் குடுக்கும்.

— என் விவரத்துல அப்படி என்னத்தப் பாத்துச்சாம்?

— கல்யாணம் ஆச்சுன்னு போட்டிருப்ப. சங்கரம்மாளுக்கு இன்னும் ஆகலைல்லா. பொம்பளைக்குக் கல்யாணம்னா வீடு, வீடுன்னா வீட்டுலருந்தே பாக்குத வேலை. நைட் ஷிப்ட்டெல்லாம் கழிஞ்சு போயிரும்.

— யாரு கழிச்சா?

— ரூல்தான்.

— ரூல எழுதுனது?

— நாந்தான். பொதுவா எழுதுனது. ஒனக்குன்னா எழுதுனேன்?

— திரேஸ்புரத்து ஜேசுபாதம் அண்ணன் மருமகளும் இதத்தான் போன மாசம் புகார் சொன்னாளாம். அந்த ரூல்ல ஒரு வரிய எடுத்தாப் போதுமாம். சிவப்பிரகாஷ் சார் வேண்டாம்னுட்டாராம். சங்கரம்மாள் சொன்னா.

— அவளுக்கு எதுக்கு இந்த வேலை?

— சிவப்பிரகாஷ் சார், நீங்க ஏன் வேண்டாம்னீய?

— எடுத்தா நீ பாத்துருவ. போதுமா? பிள்ளைய விட்டுட்டு நீ அம்மாம் ஒசரத்துல ஏறி ஒக்காரணுமா? எங்க அம்மைட்ட நான் என்ன சொல்ல?

— ரெண்டு வருசமா ஒங்கள்ட்ட கேட்டேன், முடியாதுன்னீய. மெஷினாவது ஞாயமாச் சொல்லும்னு அதுட்ட கேட்டா, அதுக்குள்ளயும் நீங்கதான் ஒக்காந்திருக்கீய. வேலியே பயிர மேஞ்சா யார்ட்ட போய்ச் சொல்ல? வயிறு எரியுதுங்க.

— சரி, விடு. சேருததுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளு. அடுத்த தடவ பாப்போம்.

— சேந்தாச்சு.

— எப்படி? ஒனக்குத்தான் காட்டாதே.

— கல்யாணம் ஆகலைன்னு மாத்திப் போட்டேன். ஒடனே வந்துட்டு.

— அடிப்பாவி. சரி, போட்டும். அதான் சேந்தாச்சுல்லா, பழையபடி மாத்திரு.

— மாத்தத்தான் போனேங்க. மனசு வரல.