வாடைக்காத்துக்கு எத்தனை ஓட்டை

பிரகதாம்பாள்: ...நாலு தடவ கூப்புட்டாச்சு பெலிக்ஸு. உக்காந்த எடத்துலேருந்தே பதில் சொல்ற. எந்திரிச்சு வந்து கதவத் தொறந்தா கொறஞ்சா போயிருவ?

பெலிக்ஸ்: தொறந்துதான் கெடக்கு நர்சம்மா. தள்ளுங்க... மெதுவா. கீழ சாக்கு கெடக்கு.

பிரகதாம்பாள்: என்ன சாக்கு இது, இந்தக் கனம் கனக்குது?

பெலிக்ஸ்: மணலு. கதவுக்கு அடியில காத்து வருதுல்ல, அதுக்கு. உள்ள வந்துட்டு மறுபடி ஒட்டிப் போட்டுருங்க. நாளைக்குத்தான வர்றேன்னீங்க?

பிரகதாம்பாள்: இன்னிக்கு வந்தா ஆகாதோ? மணி எட்டாகியும் விராலிமலை ரோட்டுல எதிர வர்ற லாரி தெரியல, அவ்வளவு பனி. ஸ்கூட்டி ஓட்டி ஓட்டி கை ரெண்டும் மரத்துப்போச்சு. அது கெடக்கட்டும். அன்புச்செல்வி எங்க? புள்ள எங்க?

பெலிக்ஸ்: உள்ள... உள் ரூம்புல. பால் குடுத்துக்கிட்டு இருக்கா.

பிரகதாம்பாள்: குடுக்கட்டும், குடுக்கட்டும். நீ ஏன் குசுகுசுன்னு பேசுற?

பெலிக்ஸ்: தொண்ட கட்டிக்கிச்சு.

பிரகதாம்பாள்: சளியா? அய்யய்ய... சளியோட புள்ள பக்கத்துல போனியா?

பெலிக்ஸ்: சளி இல்ல, சளி இல்ல! நேத்து பண்ணைல கத்திக் கத்தி...

பிரகதாம்பாள்: கழுத்து வரைக்கும் கம்பளியப் போத்திக்கிட்டு சளி இல்லைங்கிற. எந்திரி, பாப்போம்.

பெலிக்ஸ்: இடுப்புப் புடிச்சுக்கிச்சு நர்சம்மா. அசைய முடியல.

பிரகதாம்பாள்: தொண்டயும் கட்டிக்கிச்சு, இடுப்பும் புடிச்சுக்கிச்சு. நல்லா இருக்கு. முப்பது வயசு ஆம்பள ஒனக்கே இந்தக் கதின்னா, ஆயிரத்தி எழுநூறு கிராம் புள்ளைக்கு? கண்ணாடிப் பெட்டிய விட்டு வெளிய வந்து எட்டே நாளு. வீடு குளுரு தாங்குமான்னு அன்னிக்கு டாக்டர் கேட்டாரு. தாங்கும் சார்னு மண்டைய ஆட்டுனது யாரு?

பெலிக்ஸ்: நான்தான்.

பிரகதாம்பாள்: இதுல எங்க தாங்கும்? ஜன்னலுக்குக் கதவே மாட்டல!

பெலிக்ஸ்: தை பொறக்கட்டும்னு ஆசாரி சொல்லிட்டாரு. அதான் படுதா கட்டியிருக்கேன். பண்ணைல கோழிக் கொட்டாயச் சுத்திக் கட்டுவோம்ல, அதுல பழசு. டெட்டால் ஊத்தி மூணு தண்ணி அலசிட்டேன்.

பிரகதாம்பாள்: உள்பக்கம் யாரு இது, பல்லக் காட்டிக்கிட்டு?

பெலிக்ஸ்: அது காதுகுத்து பேனரு. ஆத்மநாதன் வீட்டு விசேசம். படுதா ஒன்னு மட்டும் போதல.

பிரகதாம்பாள்: மேல? செவுத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல கை நொழையும் போலருக்கே.

பெலிக்ஸ்: வைக்கோல சிமிண்டு சாக்குல அடைச்சு வரிசையாச் சொருகிட்டேன். வடக்குப் பக்கம் மட்டும் பாக்கி. ஒத்தக் காசு செலவு இல்ல நர்சம்மா. ஆனா ஒரு ஓட்டைய அடைச்சா வாடைக்காத்து இன்னொன்னக் கண்டுபுடிச்சிருது.

பிரகதாம்பாள்: நல்லாக் கேட்டுக்க. புள்ள பாதத்தத் தொட்டுப் பாப்பேன். ஜில்லுன்னு இருந்துச்சு... அந்த நிமிசமே நூத்தியெட்டக் கூப்புட்டு புதுக்கோட்டைக்கு ஏத்திருவேன். நீ கால்ல விழுந்தாலும் கேக்க மாட்டேன்.

பெலிக்ஸ்: ஜில்லுன்னு இருக்காது.

பிரகதாம்பாள்: எப்புடிச் சொல்ற?

பெலிக்ஸ்: ...தெரியும்.

பிரகதாம்பாள்: இது என்ன மூலைல? அட்டப்பெட்டி... உள்ள உமி... மேல குண்டு பல்பு... அட கிறுக்குப் பயலே! கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரியே வச்சிருக்கியேடா!

பெலிக்ஸ்: மெதுவா, மெதுவா! ஒரே ஒரு நாள்தான். பல்பு சூட்டுல ஆயிரம் குஞ்சு பொழைக்குது, நம்ம புள்ள பொழைக்காதான்னு... அன்பு பாத்துட்டு தோசக்கரண்டியத் தூக்கிட்டா. உமில பொறி விழுந்தா என்னடா ஆவும்னு அழுதா. அதோட விட்டாச்சு.

பிரகதாம்பாள்: அவளுக்காவது மூளை இருக்கு.

பெலிக்ஸ்: எனக்கும் அப்பறந்தான் உறைச்சுச்சு. குஞ்சுக்குச் சூடு பல்புல மட்டும் இல்ல. குளுந்துச்சுன்னா ஒன்னோட ஒன்னு கூடிக்கிரும். ஒத்தக் குஞ்சா எடுத்துப் போட்டா எத்தன பல்பு எரிஞ்சாலும் வெறச்சுப்போவும். இவன் ஒத்தப் புள்ள... யாரோட கூடுவான்?

பிரகதாம்பாள்: அதுக்குத்தான தாய் நெஞ்சுல போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! துணி இல்லாம, தோலோட தோலா, ராவும் பகலும். போடுறாளா?

பெலிக்ஸ்: போடுறா.

பிரகதாம்பாள்: எறக்கி வைக்கிறதே இல்லையே?

பெலிக்ஸ்: எறக்கவே இல்ல. சத்தியமா.

பிரகதாம்பாள்: ஆனா ஏதோ கரி நெடி அடிக்குது. கரிச்சட்டி வச்சீங்களா? உண்மையச் சொல்லு.

பெலிக்ஸ்: ஐயோ, இல்ல! அது பக்கத்துல பழனிச்சாமி வீட்டு வெந்நி அடுப்பு.

பிரகதாம்பாள்: என்கிட்ட மறைக்காதடா. நான் ஏன் ஒரு நாள் முந்தியே ஓடியாந்தேன்னு தெரியுமா? போன மார்கழியில அன்னவாசல் பக்கம் ஒரு வீடு. இதே எடைதான், பொம்பளப் புள்ள. குளுருதுன்னு கதவு ஜன்னலெல்லாம் அடைச்சுட்டு உள்ள கரிச்சட்டிய வச்சிருக்காங்க. பொக நிறைஞ்சு போச்சு. நான் புதன்கிழம போறதா எழுதி வச்சிருந்தேன். புள்ள செவ்வாக்கிழமயே... அந்த ஒரு நாளு பெலிக்ஸு. இன்னும் எனக்குச் சோறு எறங்கல. அதான் கேக்குறேன். அவள வரச் சொல்லு. இன்னுமா பால் குடுக்குறா?

பெலிக்ஸ்: கொஞ்சம் பொறுங்க...

பிரகதாம்பாள்: இரு... இந்தப் பாலாடை ஏன் ஈரமா இருக்கு? ஆத்தா மாருல குடிக்கிற புள்ளைக்குப் பாலாடைல யாரு ஊட்டுனது? அன்பு! ஏ அன்புச்செல்வி! கதவத் தொற!

பெலிக்ஸ்: நர்சம்மா, வேணாம்...

பிரகதாம்பாள்: தாப்பாகூடப் போடல... யாருமில்ல! பாய் சுருட்டிக் கெடக்கு! எங்கடா அவ?

பெலிக்ஸ்: பரீட்சைக்கு. கவர்மெண்டு பரீட்ச. புதுக்கோட்டைல சென்டரு. மூணு வருசமாப் படிச்சா. வயித்துல புள்ளயோட, அந்தப் பல்பு வெளிச்சத்துலதான் படிச்சா. இன்னிக்கு விட்டா மறுபடி எப்பவோ. போவ மாட்டேன்னுதான் ஒக்காந்திருந்தா. நான்தான் போடின்னு வெரட்டுனேன். பாலப் பீச்சிக் கிண்ணத்துல வச்சுட்டு அஞ்சர பஸ்ஸுக்குப் போயிட்டா.

பிரகதாம்பாள்: புள்ளயத் தூக்கிக்கிட்டா? இந்தப் பனியில? பஸ்ஸுலயா?

பெலிக்ஸ்: இல்ல...

பிரகதாம்பாள்: அப்ப எங்க? ஒன் மாமியா வீட்டுலயா? யார்கிட்டடா குடுத்த? வாயத் தொற! கல்லு மாதிரி உக்காந்திருக்க... நான் நூத்தியெட்டுக்கு அடிக்கிறேன். போலீசுக்கும் அடிக்கிறேன். இன்னொரு செவ்வாக்கிழமய என்னால தாங்க முடியாது!

பெலிக்ஸ்: போன வைங்க நர்சம்மா... கும்புட்டுக் கேக்குறேன், கத்தாதீங்க, இப்பத்தான் கண்ணசந்தான். அவன் எங்கயும் போவல. இந்தா, கம்பளிய வெலக்குறேன்... குல்லா தெரியுதா? வெள்ளன என் சட்டயக் கழட்டச் சொல்லி, இவன நெஞ்சுல படுக்கப் போட்டு, அவ பழஞ்சீலையால இறுக்கிக் கட்டி விட்டுட்டுத்தான் போனா. கதவுச் சாக்கக் காலால ஒட்டித் தள்ளிட்டு உக்காந்தவன்தான், அதுலேருந்து எந்திரிக்கல. ஒன்னுக்குக்கூடப் போவல. நீங்க தாய் நெஞ்சுன்னுதான சொன்னீங்க, தகப்பன் நெஞ்சு ஆகாதுன்னு புடுங்கிக்கிட்டுப் போயிருவீங்களோன்னு பயந்துட்டேன். பண்ணைல தெரிஞ்சா வேற, பெலிக்ஸு அடகாக்குறான்டான்னு சிரிப்பானுங்க... வாங்க, பாதத்தத் தொட்டுப் பாருங்க. ஆனா அதுக்கு முன்ன, ஒங்க கைய நல்லாத் தேச்சுச் சூடாக்கிக்கங்க.