அடுத்த வருடத்துக்கும் கல்

கீரா, உன் அம்மா எல்வீரா டீயில் சர்க்கரை போடமாட்டாள். செர்ரி ஜாமை வாயில் அடக்கிக்கொண்டு அதன்மேல் டீயை உறிஞ்சுவாள். பதினோரு வருடம் ஒரே சமையலறையைப் பங்கிட்டுக்கொண்டோம். அவளுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. அவளைக் காட்டிக்கொடுத்தது பட்டறை மேலாளர் குஸ்மாதான் என்று எழுதியிருக்கிறாய். அந்த மனுஷன்மேல் பழி விழக்கூடாது. அதனால் எழுதுகிறேன்.

கல்லறைக் கல் செதுக்கும் பட்டறையில் அவளுக்கு எழுத்து வெட்டும் வேலை. மாலையில் இருவரும் டிவி பார்ப்போம். ஆப்கானிஸ்தானுக்குப் போன நம் ராணுவப் பையன்கள் மரம் நடுகிறார்கள் என்று காட்டுவார்கள். பிறகு நாட்டின் பெரியவர், நம் தலைவர், உரை படிப்பார்.

“மரம் நடப் போனவன் எதுக்குடி துத்தநாகச் சவப்பெட்டியில வரான்? வேர் தடுக்கி விழுந்துட்டானா?”

“மெதுவாப் பேசேன்.”

“பெரியவருக்கே காது கேக்கல. பாரு, படிச்ச வரியவே திரும்பப் படிக்கிறாரு. வாய் நிறையக் கஞ்சி. மார்ல இன்னொரு மெடல் குத்தினா ஆளு குப்புற விழுந்துடுவாரு.”

நான் சிரிப்பேன். எனக்குச் சிரிப்பு மூட்ட வேறு யாரும் இல்லை.

சண்டையில் ஜெயிப்போமா என்று ஒருநாள் கேட்டேன்.

“பேப்பர்ல ஜெயிச்சாச்சு. எங்க பட்டறையில ராணுவத்துக்காரங்க அடுத்த வருஷத்துக்கும் சேத்துக் கல்லு கேட்டிருக்காங்க. ஜெயிக்கிறவன் கல்லு கேப்பானா? எனக்கென்ன தாஸ்யா, நான் அல்மா-அத்தாவுக்குக் கிளம்பறேன். பேத்தி பொறந்திருக்கா, கீரா கூடவே வந்து இருக்கச் சொல்லிட்டா.”

ஒற்றைக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு தாளில் கல்லைப் பற்றி அவள் சொன்னதை மட்டும் எழுதி உளவுத்துறைக்கு அனுப்பினேன். பெரியவரைப் பற்றி எழுதவில்லை; அது அவளுக்குக் கெடுதல். ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

புறப்படும் அன்று காலை, வழக்கப்படி, பயணம் நல்லபடியாக அமைய, பெட்டிமேல் இருவரும் பேசாமல் உட்கார்ந்தோம். அவள் எழுந்தாள். அவர்களுடைய வண்டி இன்னும் வரவில்லை.

“நீ சரியா உக்காரல. இன்னொரு தடவ உக்காரு. வழியில ஏதாவது ஆயிடப்போவுது.”

“எனக்கு ரயில் தவறணும், அதானடி உனக்கு?” என்று சிரித்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை உட்கார வைத்தபோது கதவு தட்டப்பட்டது.

மூன்று வருடம் முகாம் தண்டனை கொடுத்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் அறையை எனக்கே தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். அறைக்கு ஆசைப்பட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

உறவுக்காரர்களைத்தான் பார்க்க விடுவார்கள் என்பதால், முகாமில் என்னைத் தன் தங்கை என்று எழுதிக்கொடுத்திருக்கிறாள். போன சந்திப்பில் அழுதாள்.

“கீரா ஒரு வரி எழுதலையே தாஸ்யா. என்னால அவளுக்கு அவமானமா? உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?”

என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

முகாமுக்கு நேராக எழுதினால் உன் பள்ளிக்கூட வேலை போய்விடும், எனக்கு அனுப்பு, நான் சேர்ப்பிக்கிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். பதினான்கு கடிதங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நன்றாக எழுதுகிறாய். படித்தால் உன் நினைப்பிலேயே உருகிப்போவாள் என்றுதான் கொடுக்கவில்லை.

ஒருத்தியைத் தனியாகத் தவிக்கவிட எனக்கு மனம் வராது, கீரா.