கடைசி சீனில் மழை

கூனிமேடு தாண்டியதும், பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த கல்லூரிப் பையன் தன் குறும்படக் கதையைப் பக்கத்திலிருந்த வகுப்புத் தோழியிடம் சொல்லி முடித்தான்.

"கடைசில மழை கொட்டுது. உப்பளத்து ஜனங்க எல்லாரும் சந்தோஷத்துல ஆடுறாங்க."

"மழை பெஞ்சா பாத்தில இருக்குற உப்பெல்லாம் கரைஞ்சிடும்பா. எங்கம்மாவுக்கு வேலையே இருக்காது. அவங்க ஆடுவாங்களா?"

"நேரேடிவ் தியரி நடத்துனாங்களே, கடைசில பிரச்சனை தீரணும்னு. ஆடியன்ஸுக்கு மழைன்னா நல்ல காலம் பொறக்குதுன்னு அர்த்தம்."

"எந்த ஆடியன்ஸுக்கு? வில்லனைக் கூட்டியாந்து நிறுத்திட்டு சுபம்னு போடுறியே!"

"ஏன் கத்துற? உங்கம்மாவா வந்து பாக்கப்போறாங்க? நம்ம கிளாஸ்ல இருக்கறவங்கதானே பாக்கப்போறாங்க."

"அப்ப நான் எந்த கிளாஸ்டா?"